அக்காவின் டர்போ காரும் என் பொறாமையும்

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைந்திருக்கும். உங்களில் பலர் அவருடைய காரில் ஒருமுறையாவது ஏறியவர்கள். காது அடைக்க இறங்கியவர்களும் உண்டு. அடுத்து எப்போது ஏற்றிக்கொள்வீர்கள் என்று கேட்டவர்களும் உண்டு. அக்காவைப் பற்றி நான்தான் எழுதவேண்டும் என்று உறவினர்கள் சொன்னபோது பிறப்பு, படிப்பு, வேலை, குணம் என்று இரண்டு பக்கம் எழுதினேன். என் மனைவி அதைப் படித்துவிட்டு, "இதுல உங்க அக்கா எங்க இருக்காங்க? இத யார் போட்டோக்குக் கீழ வேணாலும் போடலாமே" என்றாள்.

அவள் சொன்னது சரி. அக்காவைப் பற்றி நேர்மையாக எழுதவேண்டுமானால், அவர்மீது எனக்கு இருந்த பொறாமையையும் எழுதவேண்டும். அதை ஒதுக்கிவைத்துவிட்டு எழுதியதால்தான் அக்காவும் அந்தப் பக்கங்களில் இல்லாமல் போய்விட்டார். ஆகவே அவற்றைக் கிழித்துப்போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது பெங்களூர் அல்சூரில், குளத்துக்குப் பின்புறத் தெருவில், நான் இன்றும் குடியிருக்கும் இதே வீட்டில். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். அப்பா மாநில அரசின் பொதுப்பணித் துறையில் வரைபடம் போடும் பிரிவில் இருந்தார். எனக்கும் அக்காவுக்கும் ஐந்து வயது வித்தியாசம். இரண்டு வயதில் வந்த போலியோவில் அக்காவின் இடது கால் சூம்பிப்போயிற்று. இரும்புக் கம்பி வைத்த ஷூ போட்டுத்தான் நடப்பார்.

என் முதல் பொறாமை அந்தக் காலின் மேல் வந்தது. அப்பா தினமும் காலையில் ஆபீஸுக்குக் கிளம்புமுன் அரைமணி நேரம் உட்கார்ந்து அதற்கு எண்ணெய் தேய்த்துவிடுவார். தேய்த்துக்கொண்டே அக்காவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். என் இரண்டு காலும் நன்றாக இருந்ததால் எனக்கு அந்த அரைமணி நேரம் கிடைக்கவில்லை. ஒருநாள் நானும் நொண்டிக்கொண்டு போய் அப்பாவின் முன்னால் நின்றேன். அப்பா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை, கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

அக்கா கணிதத்தில் பட்டம் பெற்று, ஹெப்பகோடிப் பக்கம் பம்பு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். நாள் முழுக்க மைக்ரோமீட்டரால் அளந்து, இது போகலாம், இது போகக்கூடாது என்று பிரிப்பதுதான் வேலை. ஒரு அளவை இரண்டு தடவை எடுக்காமல் எழுதமாட்டார். நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்தேன். கம்பெனி பஸ் கோரமங்களாவுக்குத்தான் வரும். அதுவரை அக்காவை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய் விடுவதும், மாலையில் போய்க் கூட்டிவருவதும் என் பொறுப்பு. மழையானாலும் பந்த் ஆனாலும் வருடக்கணக்கில் அதைச் செய்தேன். "தம்பி மட்டும் இல்லன்னா இவ எப்படி வேலைக்குப் போவா?" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதைக் கேட்பதற்காகவே நான் அந்த நேரம் பார்த்து உள்ளே வருவேன்.

தொண்ணூற்றொன்றில் ஒருநாள் சாப்பிடும்போது, வாய் சும்மா இருக்காமல் நான்தான் பேச்சை எடுத்தேன்.

"இன்னிக்கு ரிச்சர்ட்ஸ் டவுன்ல ஒரு அமெரிக்கன் கார் பாத்தேன். கப்பல் மாதிரி இருக்கு. ரெண்டே கதவு. என்ஜினையே கழட்டி வித்துட்டாங்க, பின் சீட்ல கோழி முட்ட போட்டிருக்கு. கியரெல்லாம் தானா மாறுமாம். கிளட்ச்சே கெடையாது."

அக்கா சாதம் பிசைந்த கையை நிறுத்தினார். "கிளட்ச் இல்லன்னா எடது கால் எதுக்கு?"

"எதுக்கும் வேணாம். சும்னே வெச்சுக்கலாம்."

"நாளைக்கு என்ன அங்க கூட்டிட்டுப் போ."

அது அறுபதுகளின் கடைசியில் செய்த வண்டி. நீண்ட முன்பக்கம், அகலமான டயர், ஸ்டியரிங் இடப்பக்கம். காப்பித் தோட்டக்காரர் ஒருவரின் குடும்பத்தினர் பங்களாவைக் காலிசெய்துகொண்டிருந்தார்கள். வண்டி பழைய இரும்புக்குப் போக இருந்தது. அக்கா கோழியை விரட்டிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். வலது காலை ஆக்ஸிலேட்டரில் வைத்தார், பிறகு பிரேக்கில் வைத்தார், மறுபடி ஆக்ஸிலேட்டரில் வைத்தார். இடது காலைத் தூக்கி ஓரமாக வைத்துக்கொண்டார். அன்று நம் ஊரில் ஓடிய கார்களில் அவரால் ஓட்டமுடிந்தது ஒன்றுகூடக் கிடையாது. இங்கே ஒன்று இருந்தது, என்ஜின் இல்லாமல். இறங்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். ஏழு வருடம் என் ஸ்கூட்டரிலிருந்து இறங்கியபோது ஒருநாளும் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

வண்டியை லாரியில் ஏற்றி வீட்டு முன்னால் இறக்கினோம். டீசல் என்ஜின் ஒன்றைப் பொருத்திவிடலாம் என்று தெருவில் பலரும் சொன்னார்கள். அந்த நாளில் பெங்களூரில் பெரிய கார் வைத்திருந்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். நானும் அதையே சொன்னேன்.

"டீசல் போட்டா இந்த கியர்பாக்ஸ கழட்டணும். கியர்பாக்ஸ கழட்டினா கிளட்ச் வந்துடும். அப்புறம் எனக்கு எதுக்குடா இந்த வண்டி?" என்றார்.

அக்காவின் கணக்கு வேறாக இருந்தது. பழைய எட்டு சிலிண்டர் என்ஜின் கிடைத்தாலும் அது குடிக்கும் பெட்ரோலுக்குத் தினம் ஓட்ட முடியாது. அதே கியர்பாக்ஸோடு சேரும் ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் ஒன்று சிவாஜிநகர் பழைய இரும்புக் கடைகளில் கிடைத்தது. அது சிக்கனம். ஆனால் அந்த உடம்பை ஐந்து பேரோடு ஓசூர் ரோட்டில் இழுக்க அதற்குத் தெம்பு போதாது. அதற்குத்தான் டர்போ. வெளியே வீணாகப் போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுழலவைத்து, அதனால் என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி. மெதுவாகப் போகும்போது அது சும்மா இருக்கும், மிதித்தால் வேலைசெய்யும். அக்காவின் கம்பெனிச் சோதனைக்கூடத்தில் பம்புகளை ஓட்டிப்பார்க்கும் டீசல் என்ஜின்களில் டர்போ இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து, பழைய புத்தகக் கடைகளில் கிடைத்த வெளிநாட்டுப் பத்திரிகைகளையும் படித்து, பெட்ரோல் என்ஜினுக்கு எப்படி வைப்பது என்று அவரே யோசித்துக் கண்டுபிடித்தார். டிப்ளமோ படித்த எனக்கு டர்போ என்பது பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி, அவ்வளவுதான்.

எல்லாம் முடிய ஐந்து வருடம் ஆயிற்று. ஓய்வுபெற்றிருந்த அப்பா மறுபடியும் வரைபலகையை எடுத்து வைத்துக்கொண்டார். அக்கா அளவு சொல்வார், அப்பா வரைவார். மாலை முழுக்க இரண்டு பேரும் மேசையில் தலையோடு தலை வைத்துக்கொண்டிருப்பார்கள். நான் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, "அந்த வளைவுல வெல்டிங் விட்டுப்போகும்" என்பேன். "ஆமாம்டா, அதுக்குத்தான் இங்க ஒரு தாங்கு கம்பி" என்று அப்பா தலை தூக்காமலே காட்டுவார். நான் சொல்வதை அவர்கள் ஒரு மணி நேரம் முன்பே யோசித்து முடித்திருப்பார்கள்.

சிவாஜிநகரில் லேத் வைத்திருந்த தஸ்தகீர் பாயிடம் அக்காவை அழைத்துப்போனதும் நான்தான். அவர் என் வாடிக்கை. முதல்நாள் பாய் என்னைப் பார்த்துத்தான் பேசினார். டர்போவை உட்காரவைக்கும் தட்டு ஒன்றைக் கடைந்து கொடுத்தார். அக்கா கைப்பையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்து அளந்தார்.

"பாய், இந்தப் பக்கம் நாலு பாயிண்ட் ஜாஸ்தி இருக்கு."

"அரே மேடம், லேத்தே நம்ம அப்பா காலத்துது. அதுக்கு என்னா செய்றது?"

"மைக்ரோமீட்டர் இந்த வருஷத்துது பாய்."

பாய் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். மறுபடி கடைந்தார். அடுத்த வாரம் நாங்கள் போனபோது அக்கா உட்கார ஸ்டூலும் குடிக்க டீயும் தயாராக இருந்தன. எனக்கு டீ வரவில்லை. பத்து வருடமாக நான் போய்வந்த கடை அது. டீ ஒரு விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு விஷயமாகத்தான் இருந்தது.

வண்டி ஓடத் தொடங்கியதும் ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தாபுராவரை போய்த் திரும்பி வருவோம். ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்ததால் முன்னால் போகும் லாரியைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று அக்காவுக்குத் தெரியாது. வலப்பக்கம் உட்காருகிறவர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். "இரு... இரு... இப்ப போ!" என்று நான் சொல்வேன். அக்கா மிதிப்பார். ஒரு கணம் ஒன்றும் நடக்காது. பிறகு விசில் போல ஒரு சத்தம் எழும், முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும், லாரி பின்னால் போய்விடும். அந்த வலது சீட்டில் உட்கார்ந்திருந்தபோது மட்டும் எனக்குப் பொறாமை இல்லை. அக்கா என் கண்ணை நம்பித்தான் மிதித்தார்.

இனி எழுதப்போவது என் மனைவிக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

டர்போ வைத்த என்ஜினில் பொறி விழும் நேரம், அதாவது டைமிங், சரியாக இருக்கவேண்டும். கொஞ்சம் முந்தினாலும் உள்ளே வெப்பம் கூடி பிஸ்டன் உருகிவிடும். அதைப் பார்க்க ஒருவர் உள்ளே இருந்து ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் மிதித்திருக்கவேண்டும். இன்னொருவர் முன்னால் நின்று, மின்னிமின்னி எரியும் டைமிங் லைட்டைப் பிடித்து, சுழலும் சக்கரத்தில் உள்ள கோட்டைப் பார்க்கவேண்டும். அக்கா தனியாகச் செய்யமுடியாத ஒரே வேலை அதுதான். முதன்முதலாக வண்டியை வேலைக்கு எடுத்துப்போவதற்கு முந்தின நாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்.

வாசலில் சித்தப்பா வந்திருந்தார். என்ஜின் ஓடும் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்திருக்கவேண்டும், அப்பா அவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மூளைய இவளுக்கும் கால அவனுக்கும் கொடுத்துட்டான் ஆண்டவன். மாத்திக் கொடுத்திருந்தா யாருக்கும் நஷ்டமில்ல."

கையில் லைட்டோடு நான் நின்றிருந்தேன். அக்கா வெள்ளை பெயிண்டால் போட்டிருந்த கோடு இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. எங்கோ ஒரு திருகு தளர்ந்து டைமிங் முந்தியிருந்தது. நன்றாகத் தெரிந்தது.

"எவ்ளோடா இருக்கு?" என்று உள்ளேயிருந்து கத்தினார்.

"சரியா இருக்கு" என்றேன்.

அவருக்கு ஆபத்து வரட்டும் என்று நான் நினைக்கவில்லை. இதை நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் நான் சொல்லத்தான் வேண்டும். வண்டி மக்கர்பண்ணும், என்னிடம் வந்து நிற்பார், பத்தே நிமிடத்தில் சரிசெய்து அப்பாவின் முன்னால் காட்டுவேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் டைமிங் முந்தினால் வண்டி முதலில் இன்னும் நன்றாக இழுக்கும். அதுவும் எனக்குத் தெரிந்திருக்கவேண்டியதுதான். முதல்நாள் மாலை திரும்பி வந்த அக்கா, "என்னமா இழுக்குதுடா! நீ கை வெச்ச நேரம்" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் சந்தோஷமாக இருந்தார், அப்பாவும் பக்கத்தில் இருந்தார். நாளை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை, பொம்மனஹள்ளி தாண்டியதும் ஒரு பிஸ்டன் ஓட்டையாயிற்று. எண்ணெய் தெறித்துக் கொதிக்கும் டர்போவின் மேல் விழுந்து தீப்பிடித்தது. வலது சீட்டில் அன்று உட்கார்ந்திருந்தவர் மஞ்சுளா. கம்பெனியில் அக்காவோடு அதே பிரிவில் வேலைசெய்தவர், அக்காவைவிடச் சின்னவர். வண்டியை ஓரம் கட்டிய அக்கா இறங்கமுடியாமல் தவித்தார். இடது காலின் கம்பி சீட்டுக்கடியில் மாட்டிக்கொண்டது. மஞ்சுளா சுற்றி ஓடிவந்து, ஷூவின் வாரை அவிழ்த்துவிட்டு, அக்காவை இடுப்போடு தூக்கி வெளியே இழுத்தார். ஷூ வண்டியிலேயே இருந்துவிட்டது. ஒரு லாரி டிரைவர் மண் வாரிப் போட்டுத் தீயை அணைத்தார். பானெட்டின் பூட்டைத் திறக்கப்போன அக்காவின் வலது மணிக்கட்டு வெந்துவிட்டது. அந்தத் தழும்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சமையலில் சுட்டுக்கொண்டது என்று நினைத்தவர்களும் இருக்கலாம்.

சேதி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா சாலையோரத்தில் ஒற்றை ஷூவோடு உட்கார்ந்திருந்தார். மஞ்சுளா அவர் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அக்கா, "மஞ்சுளா பயந்துட்டா, முதல்ல அவள வீட்ல விட்டுட்டு வா" என்றார். அந்த நேரத்திலும் எனக்கு மஞ்சுளாமேல் பொறாமை வந்தது என்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் வந்தது. அக்காவைத் தூக்கியது நானாக இருந்திருக்கவேண்டும் என்று தோன்றியது; தூக்கவேண்டிய நிலைமைக்குக் கொண்டுவந்ததே நான் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

தண்டனை அதன் பிறகுதான் தொடங்கியது. கையில் கட்டோடு அக்கா என்ஜினைப் பிரித்து, ஓட்டையான பிஸ்டனை மேசைமேல் வைத்து, காரணம் தேடினார். பெட்ரோலைச் சந்தேகப்பட்டார். கார்புரேட்டரைப் பிரித்தார். கேஸ்கெட்டை அளந்தார். ஒவ்வொரு சாமானையும் இரண்டு தடவை அளந்தார். டைமிங்கை மட்டும் தொடவில்லை.

தஸ்தகீர் பாய் பிஸ்டனைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். "இது டைமிங் மேடம். வேற ஒண்ணும் நை."

"டைமிங் சரியா இருந்தது பாய். என் தம்பி பாத்தான்."

"தம்பி தப்பா பாத்திருப்பான்."

"அவன் தொழிலே அதுதான் பாய். அவன் பாத்தா பாத்ததுதான். உங்க தட்டு வளைஞ்சிருக்கான்னு மொதல்ல பாருங்க."

பாய் எழுந்து லேத்தின் பக்கம் போய்விட்டார். அக்கா கோபத்தோடு வெளியே வந்தார். நான் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். வாழ்நாளெல்லாம் நான் கேட்க ஏங்கிய வார்த்தை அது, அவன் பார்த்தால் பார்த்ததுதான் என்பது. அக்கா எனக்காக ஒரு நல்ல மனிதரோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார். ஸ்கூட்டரைக் கிளப்ப எனக்குக் கை வரவில்லை.

இருந்தும் நான்கு மாதம் கழித்துத்தான் சொன்னேன். ஒரு ஞாயிறு மதியம், அவர் ஐந்தாவது முறையாக கார்புரேட்டரைப் பிரித்துவைத்திருந்தபோது. "அக்கா, டைமிங் முந்தியிருந்தது. எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் சரியா இருக்குன்னு சொன்னேன்."

அக்கா கையிலிருந்த ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார். "ஏன்?"

"பொறாம."

துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "வண்டி எரிஞ்சது போகட்டும். என் கை வெந்தது போகட்டும். மஞ்சுளாக்கு ரெண்டு கொழந்த இருக்கு, அது தெரியுமா உனக்கு? நாலு மாசம் என்ன தப்பான எடத்துல தேட விட்டியே, அதுவும் பாத்துட்டே நின்னியே. நீ சொன்ன ஒரு அளவ நம்பி, பாய் முகத்துல அடிச்ச மாதிரி பேசிட்டு வந்தேன்டா நான்." பிறகு குரலை உயர்த்தாமலே, "இனிமே இந்த வண்டிகிட்ட அளவு எடுக்க வராத" என்றார்.

அன்று சாயங்காலமே ஆட்டோ பிடித்து சிவாஜிநகர் போய் பாயிடம் மன்னிப்புக் கேட்டார். என்ன காரணம் சொன்னார் என்று தெரியாது. என் பெயரைச் சொல்லவில்லை என்பது பின்னாளில் பாய் என்னிடம் முன்போலவே பேசியதிலிருந்து தெரிந்தது. அப்பாவிடமும் அம்மாவிடமும்கூடச் சொல்லவில்லை. இருவரும் காலமாகும்வரை என்னை நல்ல பிள்ளையாகவே நினைத்திருந்தார்கள்.

அடுத்த வருடம் வண்டி மறுபடி ஓடியது. அதன் பிறகு ஒன்பது வருடம், வாரத்தில் ஆறு நாள், அல்சூரிலிருந்து ஹெப்பகோடிக்கும் திரும்பவும் அக்கா அதை ஓட்டினார். அக்காவும் மஞ்சுளாவும் மூன்று பெண்களுமாக ஐந்து பேர். நெரிசலில் சூடாகாமல் இருக்க லாரி ரேடியேட்டர் வைத்தார். ஈயம் இல்லாத பெட்ரோல் வந்தபோது வால்வு சீட்டுகளை மாற்றினார். வண்டியை நிறுத்தியதும் அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிடுவார், டர்போ ஆறட்டும் என்று. மேம்பாலங்கள் வந்தன, ஐ.டி. கம்பெனி பஸ்கள் வந்தன, சாலை நிறையப் புதுக் கார்கள் வந்தன. சிக்னலில் பக்கத்தில் நின்றவர்கள் கண்ணாடியை இறக்கி வண்டியைப் பார்த்தார்கள். பிறகு ஓட்டுகிறவரைப் பார்த்தார்கள். பருத்திப் புடவை, கம்பி ஷூ, மடியில் சாப்பாட்டு டப்பா.

டைமிங் லைட்டைப் பிடிக்க மஞ்சுளா கற்றுக்கொண்டார். வலது சீட்டும் அவருடையதாயிற்று. அக்கா என்னோடு பேசாமல் இல்லை. என் கல்யாணத்தை முன்னின்று நடத்தினார், என் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார், தினம் ஒரே மேசையில் சாப்பிட்டோம். ஆனால் தினமும் காலையில் நான் மாடியில் நின்று, மஞ்சுளா ஆட்டோவில் வந்து இறங்கி, வலப்பக்கக் கதவைத் திறந்து உட்காருவதைப் பார்ப்பேன். ஒன்பது வருடம் பார்த்தேன். நான் வேலைக்குப் போகையில் என் ஸ்கூட்டரின் பின்சீட் காலியாகவே இருந்தது.

பின்னர் அக்காவுக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. முதல்முறை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று டாக்ஸி கூப்பிடப் போனேன். அக்கா சாவியை நீட்டினார். "நீ ஓட்டு."

"நானா? மஞ்சுளாவ வரச் சொல்லட்டுமா?"

"அவளுக்கு ஷிப்ட் இருக்கு. ஏன், ஓட்டத் தெரியாதா? டிப்ளமோல்ல?"

அதுவரை அந்த வண்டியை நான் ஒருமுறைகூட ஓட்டியதில்லை. அக்கா வலது சீட்டில் உட்கார்ந்து எனக்காக எதிரே பார்த்துச் சொன்னார். "இரு... பஸ் வருது, இரு... இப்ப போ. போடா, இன்னும் மிதி, என்ன பயம்?" மிதித்தேன். அந்த ஒரு கணத் தாமதம், பிறகு விசில். அக்கா கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

சிக்னலில் நின்றபோது கேட்டேன். "என்ன மன்னிச்சிட்டியா அக்கா?"

"முன்னாடி பாத்து ஓட்டு" என்றார். பிறகு அவரே பேசினார். "நீ காலேஜ் படிக்கறப்போ, ஓடற பஸ்ஸ தொரத்திப் போய் ஏறுவ. நான் மாடியிலேருந்து பாப்பேன். விழுந்து தொலையட்டும்னு ஒரு நாள் நெனச்சிருக்கேன்டா. நிஜமா. அப்புறம் நீ திரும்பி வர்ற வரைக்கும் சாப்பிடல."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீ கேக்கவே இல்லையே. சிக்னல் விழுந்துடுச்சு, போ."

அக்காவுக்கு என்மேல் பொறாமை இருந்திருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. அவ்வளவு இடத்தை என் பொறாமை அடைத்துக்கொண்டிருந்தது. அதன்பிறகு பதினான்கு மாதங்கள் அவரை ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டிப்போனேன். என் வாழ்க்கையில் அக்கா முழுக்க எனக்கே கிடைத்த காலம் அதுதான். அதற்காகச் சந்தோஷப்படவும் முடியவில்லை.

கடைசி வாரம் வீட்டிலேயே இருக்கிறேன் என்றார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் மனைவி கொடுத்த கஞ்சியில் இரண்டு கரண்டி குடித்துவிட்டு, சூடு சரியாக இருக்கிறது என்று சொல்லிக் கண்ணை மூடியவர் திறக்கவில்லை.

காரை அக்கா எனக்கு விட்டுப்போகவில்லை. மஞ்சுளாவுக்கு எழுதிவைத்திருந்தார். நியாயம்தான். அவர் உயிரைக் காப்பாற்றியவருக்கு அது போயிற்று. எழுதும்போது நியாயம் என்று எழுதுகிறேன். மஞ்சுளா வந்து சாவியை வாங்கிக்கொண்டு போன அன்று நான் வீட்டில் இல்லாதபடி பார்த்துக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நன்றி சொல்லவேண்டியவர்கள் நிறையப் பேர். பதினான்கு மாதம் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற கம்பெனித் தோழர்களுக்கும், நடக்கமுடியாத வயதிலும் கடைசி ஊர்வலத்தில் நடந்தே வந்த தஸ்தகீர் பாய்க்கும், மண் வாரிப் போட்டுவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போன லாரி டிரைவருக்கும், இரவு பகல் பாராமல் உழைத்த என் மனைவிக்கும், எல்லோருக்கும் மேலாக மஞ்சுளாவுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

அக்காவை எடுத்த அன்று கம்பெனியிலிருந்து இரண்டு பஸ் நிறையப் பெண்கள் வந்தார்கள். தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் அழுதார்கள். எந்த மொழியில் அழுதாலும் எல்லோரும் அக்கா, அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. அந்த வீட்டில் அவரை அப்படிக் கூப்பிடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். இவர்களுக்கெல்லாம் எப்போதிலிருந்து அவர் அக்கா ஆனார் என்று வாசலில் நின்றபடி நினைத்தேன். பிறகு, அவர்கள் போன பின்னால் வீடு எவ்வளவு அமைதியாகிவிட்டது என்று உணர்ந்தபோது, இன்னும் கொஞ்ச நேரம் இருந்து கூப்பிட்டிருக்கலாம் என்று தோன்றியது.

அவரை அக்கா என்று கூப்பிட்ட அத்தனை பேருக்கும் அவருடைய உடன்பிறந்த தம்பியின் நன்றி. உங்களோடு அவரைப் பங்கிட்டுக்கொள்ள எனக்கு இன்னும் முழு மனது வரவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வாருங்கள். அவரைப் பற்றி எனக்குத் தெரியாத ஏதாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைச் சொல்லுங்கள். பொறாமையோடுதான் கேட்பேன். ஆனால் கேட்பேன்.